உப்புக் காற்றும் முன் சக்கரப் பிரேக்கும்

தூத்துக்குடிக் கரையிலே உப்பும், மீனும், வாழைத்தாரும் இன்று பெரும்பாலும் சிறு லோடு வண்டிகளிலேயே பிரயாணம் செய்கின்றன. மாட்டு வண்டிகள் முன்னாளில் செய்துவந்த வேலையை மகிந்திரா பிக்அப் வண்டிகளும், 2005 ஆம் ஆண்டில் வந்த டாட்டா ஏஸும், 2011 ஆம் ஆண்டில் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த்தும் ஏற்றுக்கொண்டுவிட்டன. ஏரலிலிருந்து வாழைக்காய் ஏற்றிச் செல்லும் விவசாயிக்கும், தருவைகுளத்திலிருந்து மீன்பெட்டி ஏற்றும் அன்பருக்கும், குப்பை வண்டியைப் பராமரிக்கும் பஞ்சாயத்துக்கும் இவ்வண்டிகளின் முன் சக்கரப் பிரேக்கைப் பற்றிய அறிவு அவசியமாகின்றது.

இவ்வண்டிகளுள் பெரும்பாலானவற்றில் பின் சக்கரங்களில் டிரம் பிரேக்கும், முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கும் உள்ளன. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டு ஒன்றை இருபுறமும் இரு பேடுகள் கவ்விப் பிடிக்கின்றன. அவற்றைப் பிடிக்கச் செய்வது காலிப்பர் என்னும் கவ்வி. பெடலை மிதித்தவுடன் பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் காலிப்பரிலுள்ள பிஸ்டன் வெளியே வந்து பேடைத் தள்ளுகிறது. பெடலை மிதிக்கும்போது வண்டியின் பாரம் முன்னே சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரங்களுக்கே உரியது.

அவ்வேலை எவ்வளவு பெரியது என்பதை ஒரு கணக்கால் அறியலாம். சரக்குடன் மூன்று டன் எடையுள்ள வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்து நிற்கும்போது, அதன் ஓட்டம் முழுவதும் உஷ்ணமாக மாறுகின்றது. ஏறத்தாழ 1.4 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைப்பதற்கு அந்த உஷ்ணம் போதுமானது. வேகம் இருமடங்கானால் உஷ்ணம் நான்கு மடங்காகும். பாரத்தை அதிகமாக ஏற்றுவதினும் வேகத்தை அதிகப்படுத்துவதே பிரேக்குக்குப் பெரும் பகை என்பதை ஓட்டுநர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

பிரேக்குக்கு உறை போடும் யோசனையே ஒரு பெண்மணியிடமிருந்து வந்தது என்பர். 1888 ஆம் ஆண்டில் ஜெர்மனியிலே பெர்த்தா பென்ஸ் என்பவர் கணவரின் மோட்டார் வண்டியை நெடுந்தூரம் ஓட்டிச் சென்றார். வழியில் மரக்கட்டைப் பிரேக்குகள் தேய்ந்துவிடவே, செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரைக் கொண்டு அவற்றின் மீது தோல் அடித்துக்கொண்டாராம். தேய வேண்டியது கட்டையன்று, உறையே என்னும் அந்த எண்ணம்தான் இன்றைய பேடிலும் இருக்கின்றது. தேய்வது பேடின் கடமை. தேய்ந்ததை உரிய காலத்தில் மாற்றுவது நமது கடமை.

கடற்கரையில் வரும் கேடு

உள்நாட்டில் ஓடும் வண்டிக்கும் நம் கரையில் ஓடும் வண்டிக்கும் ஒரு வேற்றுமை உண்டு. அங்கே பேடு தேய்கின்றது. இங்கே அது தேய்வதற்கு முன்னரே இறுகிப் போகின்றது. உப்பளங்களின் வரப்புச் சாலையில் எழும் தூசியும், கடற்காற்றும், மீன்பெட்டியில் பனிக்கட்டி உருகி ஒழுகும் உப்பு நீரும் காலிப்பரின் ஸ்லைட் பின்களைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. காலிப்பர் இப்பின்களின் மேல் நகர்ந்தால்தான் இரு பேடுகளும் சமமாக அழுந்தும். பின் இறுகினால் உள்பக்கத்துப் பேடு மட்டும் தேய்ந்து இரும்புத் தகடு தெரியும். வெளிப்பக்கத்துப் பேடோ புதிது போலவே இருக்கும். வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பவர் "இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். நம் பகுதியில் பேடு மாற்றும்போது மிகுந்த கவனம் செலுத்த வேண்டிய இடம் இதுவே.

பிரேக் ஆயிலும் இக்கரையில் விரைவில் கெடுகின்றது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை வரை கொதிக்காது. நூற்றுக்கு நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவான நீர் சேர்ந்தாலே அது 140 பாகையில் கொதித்துவிடக்கூடும். கொதித்தால் ஆவி உண்டாகும். ஆவி அழுந்திவிடுமாகையால் பெடல் தரை வரை செல்லும், வண்டி நில்லாது. சமவெளியான தூத்துக்குடிச் சாலைகளில் இக்குறை வெளிப்படுவதில்லை. மீனேற்றிச் செங்கோட்டை வழியாக ஆரியங்காவு மலைச்சரிவில் கேரளத்துக்கு இறங்கும்போதுதான் அது வெளிப்படும். அங்கே வெளிப்பட்டுப் பயன் என்ன? ஆதலின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையேனும் ஆயிலை மாற்றுதல் நலம்.

மாற்றும் முறை

உராயும் பகுதியின் கனம் 3 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்தால் பேடை மாற்றிவிட வேண்டும். சில பேடுகளில் இதற்கென ஒரு சிறு தகடு உண்டு. அது டிஸ்கில் உரசிக் கீச்சென்று ஒலி எழுப்பும். ஆயில் கிண்ணத்தில் மட்டம் இறங்குவதும் ஓர் அறிகுறியே. ஆயிலை ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துபோவது தவறு. மட்டம் இறங்கியது பேடு தேய்ந்ததாலா, ஒழுகுவதாலா என்று பார்க்க வேண்டும்.

வண்டியைக் கெட்டியான சமதரையில் நிறுத்துங்கள். நம் தேரி மணலிலும் கடற்கரை மணலிலும் ஜாக்கி புதையும்; வேறு இடம் இல்லையெனில் அகன்ற பலகையின் மேல் ஜாக்கியை வையுங்கள். கைப்பிரேக்கை இழுத்தபின், பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுக்க வேண்டும். திருச்செந்தூர்த் தேரோட்டத்தில் கட்டை போடுபவரின் கவனம் இங்கும் வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சிறிது தளர்த்திவிட்டுப் பிறகு தூக்குங்கள். தூக்கியதும் ஸ்டாண்டை அடியில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழ் கை நீட்டலாகாது.

ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறுபக்கத்தைக் கழற்ற வேண்டும். இரண்டையும் ஒருங்கே கழற்றினால், ஒரு பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மற்றது வெளியே பிதுங்கிவிடும். மாற்றுவது மட்டும் எப்போதும் இரு பக்கத்துக்கும் சேர்த்தே. ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் வண்டி ஒரு புறமாக இழுக்கும்.

பல வண்டிகளில் காலிப்பரின் கீழ்ப் போல்ட்டைக் கழற்றி, அதை மேலே தூக்கிவிட்டால் பேடுகளை உருவிவிடலாம். முழுவதும் கழற்ற நேர்ந்தால் காலிப்பரை ரப்பர் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். ஹோஸ் உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாது. தூசியை வாயால் ஊதுவதும், காற்றுக் குழாயால் அடிப்பதும் கூடா. சில பேடுகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அது நுரையீரலுக்குக் கொடியது. ஈரத்துணியால் துடைப்பதே தக்கது.

டிஸ்கின் மேல் ஆழமான வரிகள் உள்ளனவா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். அதன் குறைந்தபட்சக் கனம் பெரும்பாலும் அதன் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே தேய்ந்ததில் புதுப் பேடு போடுவது வீண் செலவு. பின்னர்ப் பேடு உட்காரும் இடங்களைக் கம்பிப் பிரஷ்ஷால் துருப் போகத் தேய்த்து, ஸ்லைட் பின்களை உருவித் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸைச் சிறிதளவு தடவுங்கள். வீல் பேரிங்கிற்கு வைத்திருக்கும் சாதாரணக் கிரீஸ் ரப்பர் உறையை உப்பச் செய்யும். உறை கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அதன் விலை சிறிது, அது காக்கும் பின்னோ பெரிது.

பிஸ்டனை உள்ளே தள்ளுவதற்குப் பழைய பேடை அதன்மேல் வைத்து, சி கிளாம்ப்பால் மெல்ல மெல்ல இறுக்க வேண்டும். அப்போது கிண்ணத்தில் ஆயில் மேலேறும். நிரம்பி வழிந்தால் பெயிண்டை அரித்துவிடும். ஆகவே முன்கூட்டியே சிறிது எடுத்துவிடுவது நன்று. புதுப் பேடுகளின் உராயும் முகத்தில் விரலின் எண்ணெய்ப் பசையும் படலாகாது. போல்ட்டுகளைக் கைநூலில் கூறிய அளவுக்கு முடுக்குங்கள். சக்கர நட்டுகளை எதிரெதிராக முடுக்கிய பின், வண்டியை இறக்கி மீண்டும் ஒரு முறை முடுக்குங்கள்.

இனி வருவதை மறந்தவர்களால் விபத்துகள் நேர்ந்துள்ளன. பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால், முதல் மிதியில் பெடல் வெறுமனே கீழே போகும். வண்டி அசைவதற்கு முன்னரே, பெடல் கெட்டியாகும் வரை பல முறை மிதிக்க வேண்டும். பின்பு ஆயில் மட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். எத்தனை முறை மிதித்தும் பெடல் பஞ்சு போல் இருப்பின் குழாயில் காற்று இருக்கின்றது. மெக்கானிக்கிடம் காட்டாமல் சாலைக்குச் செல்ல வேண்டாம்.

பஞ்சாயத்துகள் கவனிக்க

உப்பு ஏற்றிய நாளிலும் கரையில் மீன் ஏற்றிய நாளிலும் மாலையில் நல்ல தண்ணீரால் சக்கரங்களின் உட்புறத்தைக் கழுவுவது பெரும் பயன் தரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்து, தாமிரபரணிக் கரையூர்கள் நீரில் மூழ்கியதை யாவரும் அறிவர். அவ்வாறு வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு இஞ்சினை மட்டும் பார்த்தால் போதாது. டிரம்மைத் திறந்து சேற்றைக் கழுவி, ஸ்லைட் பின்களைத் துடைத்து, பிரேக் ஆயிலையும் மாற்ற வேண்டும்.

பஞ்சாயத்து வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு விட்டால், கழற்றிய பழைய பேடுகள் நான்கையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். நான்கும் ஏறத்தாழ ஒரே கனமாக இருந்தால் காலிப்பர்கள் நன்கு நகர்கின்றன. ஒன்று மட்டும் மெலிந்திருந்தால் பின்களைத் துடைத்தார்களா என்று கேளுங்கள். இவ்வாறு கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. முத்துக் குளிப்பு கடைசியாக நடந்த 1961 ஆம் ஆண்டு வரை, மூழ்குபவர் தம் கயிற்றை மைத்துனர் கையிலேதான் கொடுப்பார் என்று கூறுவர். விடியற்காலையில் உப்பளத்துக்கு நடந்து செல்லும் பெண்களும், பள்ளிக்குச் செல்லும் குழந்தைகளும் இருக்கும் அதே சாலையில்தான் இவ்வண்டி ஓடுகின்றது.

மாற்றிய தேதியையும் மீட்டர் காட்டிய கிலோமீட்டரையும் வண்டிப் பதிவேட்டில் எழுதுங்கள். முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டருக்குப் பாரத்தைக் குறைத்து, திடீரென்று அழுத்தாமல், மணிக்கு நாற்பது கிலோமீட்டரிலிருந்து மெல்லக் குறைத்துக் குறைத்து ஓட்டினால் புதுப் பேடு டிஸ்குடன் நன்கு படியும். ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடியதும் சக்கரத்தைக் கழற்றி, உள்பக்கத்துப் பேடை முதலில் பாருங்கள்.