பார்ட்னர் ஒருவர் ‘விற்க வேண்டாம்’ என்றால்?

எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கும் திண்டிவனத்தில், மூன்று பேர் கூட்டாக நடத்தும் ஒரு கடலை எண்ணெய் மில் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு உடம்பு முடியவில்லை. இன்னொருவரின் பிள்ளைகள் சென்னையோடு தங்கிவிட்டார்கள். ‘விற்றுவிடலாம்’ என்கிறார்கள் இருவரும், மூன்றாமவர் அசையவில்லை. அப்போது ஆளுக்கொரு சட்டம் சொல்வார்கள். அவற்றில் பலவும் 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்துக்கு ஒத்துவராதவை.

நம்பிக்கை: மூன்றில் இரண்டு பேர் சரி என்றால் போதும்.

உண்மை: பெரும்பான்மை செல்லுபடியாவது அன்றாட விவகாரங்களில்தான்: கடலையை எந்த மண்டியில் எடுப்பது, யாருக்குக் கடனில் சரக்குக் கொடுப்பது போன்றவை. தொழிலின் தன்மையையே மாற்ற எல்லோருடைய சம்மதமும் வேண்டும். நிறுவனத்தின் நிலம், கட்டடத்தைத் தனியாக விற்கும் அதிகாரம் பார்ட்னருக்குத் தானாக வந்துவிடாது என்கிறது 19-ஆம் பிரிவு. கூட்டு ஒப்பந்தப் பத்திரமான டீடில் வேறு ஏற்பாடு எழுதியிருந்தால் அதன்படி நடக்கலாம்.

நம்பிக்கை: அப்படியானால் மூன்றாமவர் ஆயுசுக்கும் தடுக்கலாம்.

உண்மை: விற்பனையைத்தான் அவர் தடுக்க முடியும், கூட்டைக் கட்டிவைக்க முடியாது. டீடில் காலவரையோ முடித்துக்கொள்ளும் விதமோ எழுதப்படவில்லை என்றால், எந்த பார்ட்னரும் மற்ற அனைவருக்கும் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துக் கூட்டைக் கலைத்துவிடலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. காலவரை இருந்தாலும், நஷ்டத்தில் மட்டுமே ஓடக்கூடிய தொழிலைக் கலைக்கச் சொல்லி நீதிமன்றம் போக 44-ஆம் பிரிவு இடம் தருகிறது. கலைந்த பிறகு, சொத்தைக் கொண்டு கடனை அடைத்து மிச்சத்தைப் பிரிக்கும்படி கேட்பது ஒவ்வொரு பார்ட்னரின் உரிமை. மில்லை விட மனமில்லாதவர், மற்ற இருவரின் பாகத்துக்கு விலை பேசவேண்டிய நேரம் அதுதான்.

நம்பிக்கை: என் பாகத்தை வெளியாளுக்கு விற்றால் அவர் கல்லாவில் உட்காருவார்.

உண்மை: மற்றவர்கள் ஒப்பாமல் புதிய பார்ட்னர் நுழைய முடியாது. கூட்டு நடக்கும்வரை, வாங்கியவருக்கு லாபத்தில் பங்கு உண்டு. கணக்குப் புத்தகத்தைக் காட்டச் சொல்லக்கூட உரிமை இல்லை.

நம்பிக்கை: கலைத்ததும் மில் மனையில் மூன்றில் ஒரு பாகத்தை அளந்து வாங்கிக்கொள்ளலாம்.

உண்மை: முதலில் வெளிக்கடன் அடைபட வேண்டும். அடுத்து, நிறுவனத்துக்கு பார்ட்னர்கள் கொடுத்த கடன். அதற்குப் பின் அவரவர் போட்ட முதல். அதற்கும் மேல் மிஞ்சியதுதான் லாப விகிதப்படி பிரியும். நிறுவனத்திடம் எவ்வளவு நிலம் இருந்தாலும், பார்ட்னரின் பங்கு அசையும் சொத்தாகவே கருதப்படும் என்று உச்ச நீதிமன்றம் 1966-இலேயே அட்டங்கி நாராயணப்பா வழக்கில் சொல்லிவிட்டது.

தமிழ்நாட்டிலும் இதே கேள்வி வேறு உருவில் எழுந்தது. சிவலிங்க நாடார் அண்டு பிரதர்ஸ், எஸ்.வி.எஸ். ஆயில் மில்ஸ் என்ற கூட்டு நிறுவனங்களை நடத்திய சகோதரர்களுக்குள் தகராறு வந்து, நடுவர்கள் 1984-இல் சொத்துகளைப் பிரித்துத் தீர்ப்பளித்தார்கள். நிலமும் அடங்கியிருப்பதால் அந்தத் தீர்ப்பைப் பத்திரப்பதிவு செய்யவேண்டுமா என்று வழக்கு நீண்டது. தேவையில்லை, பிரிந்தது பங்குதாரர்களின் பங்குதான் என்று உச்ச நீதிமன்றம் விடை சொன்னபோது 1993 ஆகியிருந்தது.

நம்பிக்கை: டீட் பதிவாகவில்லை, கோர்ட்டுக்குப் போகமுடியாது.

உண்மை: பாதி சரி. பதிவில்லாத கூட்டில் ஒப்பந்த உரிமை கேட்டு ஒரு பார்ட்னர் இன்னொருவர் மீது வழக்குப் போட முடியாது. ஆனால் கூட்டைக் கலைக்கவும், கலைந்த கூட்டின் கணக்கைக் கேட்கவும் 69-ஆம் பிரிவே விலக்கு அளிக்கிறது.

நம்பிக்கை: கலைத்துக் கையெழுத்துப் போட்டால் பொறுப்பு தீர்ந்தது.

உண்மை: பழைய கடன் கூடவே வரும். பொது அறிவிப்புக் கொடுக்காதவரை, மற்ற பார்ட்னர்கள் நிறுவனப் பெயரில் புதிதாக வாங்கும் கடனும் தலையில் விழலாம். பதிவான கூட்டு என்றால் அரசிதழிலும், அந்த மாவட்டத்தில் விற்பனையாகும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்பு வெளியாக வேண்டும். கூட்டு நிறுவனப் பதிவாளருக்கும் தகவல் போக வேண்டும். விழுப்புரமும் திண்டிவனமும் தனித்தனிப் பதிவு மாவட்டங்கள் என்பதால், நிறுவனம் எந்த அலுவலகத்தில் பதிவானது என்பதை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.