திரவ நைட்ரஜன் கலனின் மூடி ஏன் தளர்வாக உள்ளது?

கம்பம் பள்ளத்தாக்கில் பசுவைக் கருவூட்டலுக்கு ஓட்டிச் செல்லும் உழவர்கள், கால்நடை மருந்தகத்தில் குறுகிய கழுத்துடைய அலுமினியக் கலனைப் பார்த்திருப்பீர்கள். உறைவிந்துக் குச்சிகள் அதனுள் திரவ நைட்ரஜனில் மூழ்கியுள்ளன. அதன் வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழ் 196 டிகிரி சென்டிகிரேடு.

இத்திரவம் ஓயாமல் ஆவியாகிறது. ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகும். வாயு வெளியேற வழியின்றி மூடியை இறுக அடைத்தால் கலன் வெடிக்கும். எனவேதான் மூடி தளர்வாக உள்ளது. இறுக மூடிய பெரிய தொட்டிகளில், அழுத்தம் மிகுந்தால் தானே திறக்கும் காப்பு வால்வு உண்டு. அவற்றின் திருகு வால்வுகளுக்குத் தண்டு நீளம். கைப்பிடிப் பக்கம் உறைந்து இறுகாதிருக்கவே இந்த அமைப்பு.

திரவம் வற்றிக் குச்சிகள் சூடேறினால் விந்தணுக்கள் மடியும். மீண்டும் உறைய வைத்தும் பயனில்லை. பசு சினைபிடிக்காது, அடுத்த பருவத்திற்கு 21 நாட்கள் காத்திருக்க நேரிடும்.

உழவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. காலையில் பருவ அறிகுறி கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் கருவூட்டல் செய்யவும்.

2. குச்சியை 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் இளக்கி, உடனே பயன்படுத்த வேண்டும். இதை அருகிருந்து பாருங்கள்.

3. கலனைக் காற்றோட்டமில்லாத அறையில் வைக்கலாகாது, மூச்சுத் திணறும். திரவம் தோலில் பட்டால் தீப்புண் போலாகும். குழந்தைகளை அண்டவிடாதீர்கள்.