வீடு கட்டுவித்தவரின் உரிமை: மாரிக்கு முன் ஒரு பாடம்

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பல வருடங்கள் முகாமிலும் உறவினர் வளவிலும் இருந்துவிட்டுச் சொந்தக் காணிக்குத் திரும்பிய குடும்பம். வீட்டுத்திட்டப் பணத்தோடு, நகை அடகு வைத்த பணத்தையும் சேர்த்து ஆனி மாதத்தில் வீட்டைக் கட்டி முடித்தார்கள். மேசனுக்குப் பேசிய கூலி முழுவதும் கொடுத்தாயிற்று. ஐப்பசி மழை தொடங்கியதும் மேற்குச் சுவர் ஊறியது. முகட்டோட்டுக்குள்ளால் தண்ணீர் இறங்கியது. நிலத்துச் சீமெந்து காலால் உரசத் தூளாகக் கிளம்பியது. மேசனோ வேறு மாவட்டத்தில் வேலைக்குப் போய்விட்டார். "சும்மா கிடைச்ச வீடுதானே, ஆரிட்டப் போய்க் கேட்கிறது?" என்றார்கள் அயலவர்கள். குடும்பமும் பேசாமல் இருந்துவிட்டது.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல என்பதை வாசகர்கள் அறிவீர்கள். பேசாமல் இருக்க வேண்டியதில்லை என்பதையும், பேச வேண்டிய நேரம் எது என்பதையும் இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

இது யாருடைய ஒப்பந்தம்?

2012 இல் வடக்கு கிழக்கில் பெருமளவில் ஆரம்பமான இந்திய வீட்டுத்திட்டத்தில் புதிய வீடொன்றுக்கு 550,000 ரூபா வழங்கப்பட்டது. அப்பணம் கட்டம் கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே வந்தது. மேசனைத் தேடியதும், கூலி பேசியதும், சீமெந்தும் மணலும் வாங்கியதும் பயனாளியே. இவ்வாறான திட்டங்களில் பணம் எங்கிருந்து வந்தாலும் மேசனோடு ஒப்பந்தம் செய்தவர் வீட்டுக்காரர்தான். ஆகவே குறையைக் கேட்கும் உரிமையும் அவருடையதே. "சும்மா கிடைத்த வீடு" என்ற சொல்லை நாம் முதலில் விட்டுவிட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, தொழிலாகச் சேவை வழங்குபவர் தம் வேலையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். அவர் கொண்டுவரும் பொருட்களும் அந்த வேலைக்குப் பொருத்தமானவையாக இருக்க வேண்டும். இவற்றை யாரும் வாயால் சொல்லாவிட்டாலும், ஒப்பந்தத்தில் இவை அடங்கியிருப்பதாகவே சட்டம் கருதுகிறது. "உத்தரவாதம் ஒன்றும் தரவில்லையே" என்று ஒருவர் சொல்லித் தப்ப முடியாது.

குறை இருந்தால் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். விசாரணையின் பின் நட்டஈடு கொடுக்கும்படி கட்டளையிடும் அதிகாரம் அச்சபைக்கு உண்டு. மாவட்ட அலுவலகத்திலோ 1977 என்ற தொலைபேசி இலக்கத்திலோ விபரம் கேட்கலாம்.

மூன்று மாதக் கணக்கு

இங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். சேவை வழங்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் அம்முறைப்பாட்டைச் செய்ய வேண்டும். நம்முடைய பகுதிகளில் வீடு கட்டுவது கோடையில். வீட்டைச் சோதிப்பது மாரி. ஆனியில் முடிந்த வீட்டுக்குப் புரட்டாதியோடு மூன்று மாதம் கடந்துவிடும். ஐப்பசியில் ஒழுக்கைக் காணும்போது அந்தக் கதவு மூடியிருக்கும்.

ஆகையால் மழை வந்து காட்டும்வரை காத்திருக்கலாகாது. அதற்கு மூன்று வழிகளைச் சொல்கிறோம்.

முதலாவது, எழுத்து. கொப்பித் தாள் ஒன்று போதும். செய்ய வேண்டிய வேலை, கலவை அளவு, மொத்தக் கூலி, முடிக்கும் திகதி ஆகியவற்றை எழுதுங்கள். சுவர் கட்டுக்கு ஒன்றுக்கு ஐந்து, கொங்கிறீற்றுக்கு ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு என்று அளவைத் தெளிவாகக் குறியுங்கள். "முதல் மாரி முடியும்வரை ஒழுக்கு, வெடிப்பு வந்தால் மேசன் கூலியின்றித் திருத்திக் கொடுப்பார்" என்ற வரியையும் சேருங்கள். இருவரும் ஒப்பமிட்டு, இரண்டு சாட்சிகளும் ஒப்பமிடட்டும். ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பணம். அத்திவாரம், சுவர், கூரை, பூச்சு என ஒவ்வொரு கட்டமும் முடிந்தபின் அந்தக் கட்டத்துக்குரிய பணத்தைக் கொடுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் திகதியிட்டு ஒப்பம் வாங்குங்கள். கூலியில் பத்தில் ஒரு பங்கை மாரி முடியும்வரை நிறுத்தி வைப்பது நல்லது. ஆனால் இதை ஆரம்பத்திலேயே பேசி எழுதியிருக்க வேண்டும். பேசாமல் இறுதியில் பிடித்து வைத்தால் அது புதிய சண்டைக்கே வழி.

மூன்றாவது, சோதனை. கடைசிப் பணம் கொடுக்குமுன் மேசனையும் சாட்சி ஒருவரையும் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். கூரையில் முகட்டிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி உள்ளே நின்று பாருங்கள். பூச்சை விரல் மடித்துத் தட்டுங்கள். பொள்ளல் சத்தம் கேட்டால் அது சுவரில் பிடிக்கவில்லை. ஆணியால் கீறுங்கள், மணல் பொலபொலவென்று கொட்டினால் சீமெந்து குறைவு, அல்லது தண்ணீர் விட்டு ஊறவைக்கவில்லை. தூக்குக்குண்டு பிடித்துச் சுவரின் நேரைப் பாருங்கள். கண்ட குறைகளை எழுதி, படமும் எடுத்து வையுங்கள்.

பிணக்கு வந்தால்

முதலில் மேசனை அழைத்துக் குறையைக் காட்டுங்கள். "அண்ணை, இதைத் திருத்தித் தாருங்கோ" என்று கேட்பதற்கு யாரும் வெட்கப்படத் தேவையில்லை. வராவிட்டால், எத்தனை நாளுக்குள் திருத்த வேண்டும் என்று கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வீட்டுத்திட்டத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் இருந்தால் அவரைக் கொண்டு பார்வையிட்டு எழுத்தில் வாங்குங்கள். இவ்வளவும் செய்யுமுன் வேறு மேசனைக் கொண்டு இடித்துத் திருத்திவிடாதீர்கள், சாட்சியம் அழிந்துவிடும்.

அதன்பின் மத்தியஸ்த சபை. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இச்சபைகள் பெரும்பாலும் வார இறுதியில் பாடசாலைகளில் கூடுகின்றன. இங்கே சட்டத்தரணி தேவையில்லை. உங்கள் வாயாலேயே சொல்லலாம். சபை தீர்ப்பு வழங்குவதில்லை, இரு பகுதியையும் இணக்கத்துக்குக் கொண்டுவர முயலும். இணங்காவிட்டால் அதற்கொரு சான்றிதழ் தரும். குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்குகளில் அச்சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் போக முடியாது. வசதியற்றவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு துணை செய்யும்.

மூன்று மாதம் கடந்துவிட்டதே என்று சோர வேண்டாம். அக்கெடு நுகர்வோர் அதிகார சபை முறைப்பாட்டுக்கே உரியது. ஒப்பந்த மீறலுக்கு நீதிமன்றம் செல்ல, வாய்ப்பேச்சு ஒப்பந்தமானால் மூன்று வருடமும் எழுத்து ஒப்பந்தமானால் ஆறு வருடமும் உண்டு. அந்தக் கொப்பித் தாளின் பெறுமதி இப்போது விளங்கும்.

மேசனின் பக்கம்

மேசனும் நம்மைப் போல் இடம்பெயர்ந்து வந்த ஒருவராக இருக்கலாம். அவருக்கும் உரிமை உண்டு. ஒரு மூலையில் குறை கண்டதற்காக, ஒழுங்காகச் செய்த வேலைக்குரிய கூலியை மறுப்பது நீதியல்ல. தமக்கு வரவேண்டிய கூலிக்கு அவர் வழக்கிட ஒரு வருடமே தவணை உண்டு. அதைத் தெரிந்துகொண்டு இழுத்தடிப்பது இன்னும் பெரிய அநீதி. நாம் வாங்கிக் கொடுத்த மணலில் உப்பு இருந்தால் அது மேசனின் பிழையல்ல. குறைந்தது ஏழு நாள் தண்ணீர் விடும் பொறுப்பை நாம் ஏற்றுவிட்டு விடாமல் இருந்தால், வெடிப்புக்கு நாமும் பொறுப்பாளிகள். தண்ணீர் விடுவது யார் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். எழுத்து இருவரையும் காக்கிறது.

கலந்துரையாடலுக்கு

1. நமது கிராமத்தில் கடந்த மாரியில் எத்தனை புதிய வீடுகள் ஒழுகின? யாராவது முறையிட்டார்களா? இல்லையென்றால் ஏன்?

2. நமது சங்கம் எல்லோருக்கும் பொதுவான ஓர் ஒப்பந்தத் தாளைத் தயாரிக்க முடியுமா? அதைத் தயாரிக்கும்போது ஊர் மேசன்மாரையும் அழைப்போமா?

3. கடைசிப் பணம் கொடுக்கும் நாளில் வீடு பார்க்கப் போக, சங்கத்திலிருந்து இருவரைத் தெரிவு செய்யலாமா?