அனுதினச் சிலுவை

கிறிஸ்தவ ஜீவியத்தைக் குறித்துப் பேசுவோர் தியாகம் என்னும் சொல்லை மிகுதியும் வழங்குகின்றனர். அதைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன சிறைச்சாலையும், கொலைக்களமும், உற்றாரை விட்டுப் பிரியும் ஒரு நாளுமே. அவை மெய்யான தியாகங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், தம்மைப் பின்செல்பவர் தம்மையே மறுத்துச் சிலுவை சுமக்கவேண்டுமென்று நமதாண்டவர் அருளியதை மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் எழுதியிருக்க, லூக்கா மாத்திரம் 'அனுதினமும்' என்னும் ஒரு சொல்லைச் சேர்த்திருக்கின்றார். அச்சொல் நம்மை நிறுத்திச் சிந்திக்கச் செய்கின்றது. நேற்றுக் கொடுத்ததை எண்ணி இன்று மகிழ்ந்திருத்தல் போதாது. இன்று கேட்கப்படுவது வேறொன்றாயிருக்கலாம். இவ்வுண்மையை நாம் நன்கறிந்த ஒருவருடைய சரித்திரத்தால் விளக்குவோம்.

1870ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 9ஆம் நாள் இராணிப்பேட்டையிற் பிறந்தவர் ஐடா ஸ்கடர் அம்மையார். 1819ஆம் ஆண்டில் அமெரிக்காவினின்று கப்பலேறிய வைத்திய மிஷனெரி ஜான் ஸ்கடர் அவருக்குப் பாட்டனார், தந்தையாரும் வைத்தியரே. எனினும் குடும்பத்தாரின் ஊழியத்தில் தாமும் பிரவேசிக்க அம்மையார் விரும்பவில்லை. அமெரிக்காவிலேயே வாழக் கருதியிருந்த அவர், தாயாரின் நோயை முன்னிட்டே 1890ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் திண்டிவனம் வந்திருந்தார். அங்கே ஓரிரவில், ஒருவர்பின் ஒருவராக மூன்று ஆடவர் வந்து, பிரசவ வேதனையுற்றிருந்த தத்தம் மனைவியரைக் காக்குமாறு அவரை வேண்டினர். தாம் வைத்தியம் கற்றவரல்லர் என்றும், தந்தையார் வந்து உதவுவார் என்றும் அவர் கூறினார். அந்நிய ஆடவர் தம் வீட்டுப் பெண்டிரைப் பார்த்தலாகாது என்று அவர்கள் மறுத்துத் திரும்பினர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி எட்டியது. வைத்தியம் கற்றுத் திரும்பி வருவதென அம்மையார் துணிந்தது அப்பொழுதே.

இச்சரித்திரத்தைச் சொல்வோர் பலர் இவ்விடத்தில் நிறுத்திவிடுகின்றனர். நாமோ இங்கிருந்து தொடங்குதல் வேண்டும். 1899ஆம் ஆண்டில் வைத்தியப் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அவர் இந்தியாவை அடைந்தார். தந்தையாரின் அருகிருந்து தொழில் பழகலாம் என்னும் நம்பிக்கை நெடுநாள் நீடிக்கவில்லை. அவ்வாண்டே தந்தையார் காலஞ்சென்றார். தனித்து நின்றும் அம்மையார் தளரவில்லை. 1902இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது. 1918இல் பெண்களுக்கென வைத்தியப் பள்ளி தோன்றியது. 1922இல் அதன் முதல் வகுப்பினர் 14 பேர் தேறி வெளிவந்தனர். திண்டிவனத்து இரவில் எழுந்த வினாவுக்குப் பெண்களைக்கொண்டே விடையளித்துவிட்டார் என்று நாம் எண்ணலாம்.

ஆனால் சிலுவை அங்கே இறக்கிவைக்கப்படவில்லை. 1938ஆம் ஆண்டளவில், பழைய வைத்தியப் படிப்பை ஒழித்துச் சர்வகலாசாலைப் பட்டப்படிப்பை நடத்தவேண்டுமென்று சென்னை அரசாங்கம் விதித்தது. அதற்கு வேண்டிய பெரும் பொருளும் ஆசிரியரும் அப்பள்ளியில் இல்லை. 70 வயதை அணுகிய அம்மையார் மீண்டும் பொருள் தேடப் புறப்பட்டார். ஆடவரையும் சேர்த்துக்கொண்டால் பல மிஷன்களின் உதவி கிடைக்கும் என்னும் வழி தென்பட்டது. பெண்களின் பொருட்டே பல்லாண்டு உழைத்துப் பொருள் திரட்டிய நண்பர் சிலர் அதை வன்மையாய் எதிர்த்தனர். அவர்களுடைய வருத்தம் நியாயமற்றதன்று. அவர்களும் அன்பினால் கொடுத்தவர்களே. முடிவில் அம்மையார் புதிய வழிக்கு இசைந்தார். 1946இல் பொறுப்பினின்று ஓய்வு பெற்றார். 1947இல் ஆடவரும் மாணாக்கராய்ச் சேர்ந்தனர்.

இளமையில் அவர் விட்டது தமது சுகவாழ்வை. முதுமையில் விட்டது, தாமே அரும்பாடுபட்டு அமைத்த நற்பணியின் வடிவை. இவ்விரண்டில் எது கடினம்? பின்னதே என்று நமக்குத் தோன்றுகின்றது. தீயதை விடுதல் கடமை; சுகத்தை விடுதல் தியாகம். தியாகத்தால் விளைந்த நன்மையையே 'என்னுடையது' என்று பற்றிக்கொள்ளாதிருத்தலோ, தன்னை மறுத்தலின் முதிர்ச்சி. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முன்னதாகச் செலவைக் கணக்கிடவேண்டுமென ஆண்டவர் போதித்தார். அக்கணக்கில் பணமும் காலமும் மாத்திரமல்ல, கட்டியவனின் உரிமையும் அடங்கும்.

நம்முடைய நிலை யாது? ஞாயிறுதோறும் அருகிலுள்ள சேரிப் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லும் மாணாக்கர் நம்மிடையே உளர், அது நன்றே. வரும் ஆண்டில் இளையோர் அவ்வேலையை வேறுவிதமாய் நடத்த முற்பட்டால், மனக்கசப்பின்றி விட்டுக்கொடுப்போமா? ஊர்ச் சபையில் நெடுநாள் பொறுப்பு வகித்த பழைய மாணவர், அதைப் பிறர் கையில் ஒப்புவிக்கும் நாளில் ஜெபத்தோடு ஒப்புவிப்பாரா? ஆசிரியராகிய நாம், நம்மினும் வல்லவராய் வளரும் மாணாக்கரைக் கண்டு உள்ளம் களிக்கின்றோமா? இவை கொலைக்களத்துச் சோதனைகள் அல்ல. ஆயினும் அன்றாடம் நம்மை வந்தடைவன இவையே.

தியாகத்தால் இரட்சிப்பை விலைக்கு வாங்க இயலாது. அது கிருபையாய் அருளப்பட்டது. இலவசமாய்ப் பெற்றோம்; ஆதலின் இறுகப் பற்றாமல் கொடுக்கக் கடமைப்பட்டோம். 1960ஆம் ஆண்டு மே மாதத்தில் அம்மையார் கோடைக்கானலில் கண்மூடியபோது, அவர் கைவிட்டு ஒப்படைத்த பணி அவரைக் கடந்து ஓங்கி நின்றது. நேற்று நாம் கொடுத்தது எது என்பதை மறந்து, இன்று நம் கை எதை இறுகப் பிடித்திருக்கின்றது என்பதை ஒவ்வொரு நாளிரவும் ஆராய்வோமாக.