குன்றும் விசுவாசமும் குன்றாத இரட்சிப்பும்

கிறிஸ்து மார்க்கத்தைக் கைக்கொண்டோர் உள்ளத்தில் என்றேனும் ஒருநாள் எழாமற் போகாத வினா ஒன்றுண்டு. "யான் ஒருமுறை பெற்ற இரட்சிப்பை இழந்துபோகவுங் கூடுமோ?" என்பதே அது. வேதசாஸ்திர வல்லுநர் இதனைப் பெருநூல்களில் ஆராய்ந்திருக்கின்றனர். ஆயினும் இது நூலறிவோடு முடிந்துவிடும் வினாவன்று. விடுமுறைக் காலத்து உயிர்மீட்சிக் கூட்டமொன்றில் உள்ளம் உருகிக் கர்த்தருக்குத் தன்னை ஒப்புவித்த இளைஞன் ஒருவன், மூன்று திங்கள் கழிவதற்குள் ஜெபத்தில் சுவை குன்றிப் பழைய பாவமும் மீண்டும் தலைதூக்கக் கண்டு, விடுதியில் இரவெல்லாந் துயிலின்றிக் கிடந்து கேட்கும் வினா இது. "அன்று பெற்றது மெய்யோ? மெய்யாயின் இன்று எங்கே போயிற்று?" எனத் தன் நெஞ்சையே அவன் துருவித் துருவிப் பார்க்கின்றான், பார்க்குந்தோறும் அச்சமே மிகுகின்றது. அத்தகையோர்க்குச் சிறிதேனும் உதவல் வேண்டுமென்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. இருவகை வாக்கியங்கள்

இவ்வினாவிற்கு விடை தேடித் திருமறையைத் திறப்பார்க்கு இருவகை வாக்கியங்கள் எதிர்ப்படும். தம் ஆடுகளை ஒருவனும் தம் கையினின்று பறித்துக்கொள்ள மாட்டான் என்று ஆண்டவர் உறுதி கூறுகின்றார் (யோவான் 10:28, 29). தேவ அன்பினின்று நம்மைப் பிரிக்கவல்லது வானத்திலும் பூமியிலும் யாதுமில்லை என்பர் பவுலடிகள் (ரோமர் 8:38, 39). இவை ஒருபுறம். ஒருமுறை ஒளிபெற்றுப் பின்பு மறுதலித்தோரைப் பற்றி எபிரெயர் நிருபத்தின் 6-ஆம் அதிகாரம் கூறும் அச்சந்தரும் எச்சரிக்கை மறுபுறம். பவுலடிகளுந் தாம் பிறர்க்குப் பிரசங்கித்துத் தாமே தள்ளுண்டு போகாதபடி தம் உடலை ஒடுக்குவதாகக் கூறுகின்றார் (1 கொரிந்தியர் 9:27).

இவ்விருவகையையும் எங்ஙனம் இயைப்பது என்பதில் திருச்சபையார் ஒருமனப்பட்டாரல்லர். தான் கிருபை பெற்றிருத்தலை எவனும் பிழைபடாத விசுவாச நிச்சயத்தோடு அறிதல் இயலாது என 1547-ஆம் ஆண்டில் திரெந்து சங்கத்தார் வரையறுத்தனர். ஒல்லாந்து தேசத்தில் அர்மீனியுவின் மாணாக்கர் 1610-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐந்து விண்ணப்பங்களுள் ஐந்தாவது இப்பொருளைப் பற்றியதே. அவர்க்கு மாறாக, 1618-1619-ஆம் ஆண்டுகளிற் கூடிய தோர்த் சங்கத்தார், தேவன் தெரிந்துகொண்டோரை முடிவுபரியந்தம் அவரே நிலைநிற்கச் செய்வார் எனத் தீர்மானித்தனர். பின்னர் இங்கிலாந்தில் ஜாண் வெஸ்லி ஐயர் விசுவாசி வழுவிப்போதலுங் கூடும் எனவும், ஜார்ஜ் விட்பீல்டு ஐயர் கூடாது எனவும் போதித்தனர். எனினும் 1770-ஆம் ஆண்டில் விட்பீல்டு இறந்தபோது அவர் நினைவாகப் பிரசங்கம் புரிந்தவர் வெஸ்லியே. கொள்கையில் மாறுபட்டோரும் கிறிஸ்துவில் ஒன்றுபட்டிருந்தமை நாம் மறக்கலாகாதது.

தமிழ்நாட்டார்க்கும் இத்தகைய வழக்குப் புதிதன்று. இறைவன் அருளைப் பற்றி ஆராய்ந்த வைணவப் பெரியோருள் வடகலையார் மர்க்கட நியாயத்தையும், தென்கலையார் மார்ஜார நியாயத்தையும் உவமையாகக் கூறுவர். குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும். பூனைக் குட்டியையோ தாயே கௌவிச் செல்லும். அவர்தம் கொள்கையும் நம் கொள்கையும் ஒன்றென்று யாம் கூறவில்லை. ஆயினும் அவ்வுவமையில் யாவரும் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. குட்டி பற்றினும், தாய் கௌவினும், கிளைவிட்டுக் கிளைக்கும் இடம்விட்டு இடத்திற்குஞ் செல்வது தாயேயன்றிக் குட்டியன்று. குரங்குக் குட்டியின் பிடி எத்துணை வலியதாயினும், தாய் தாவாதொழியின் அது இருந்த கிளையிலேயே இருக்கும். அப்பிடி வேண்டுவதே; ஆனால் அக்கரை சேர்க்கும் ஆற்றல் அப்பிடியினுடையதன்று.

2. ஜாண் பனியன் கண்டறிந்தது

இவ்வுண்மையைத் தம் வாழ்வில் மிக்க வேதனையோடு கற்றவர் ஒருவருண்டு. "மோட்சப் பிரயாணம்" என்னும் பெயரால் தமிழர் நன்கறிந்த நூலை இயற்றிய ஜாண் பனியனே அவர். நெல்லை நாட்டுக் கரையிருப்பிற் பிறந்து, வைணவ மரபினின்று 1858-ஆம் ஆண்டில் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அந்நூலைத் தழுவியே "இரட்சணிய யாத்திரிகம்" பாடினார். ஆதலின் பனியன் நமக்கு அயலாரல்லர்.

அவர் 1628-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பெட்போர்டு நகரத்தை அடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரிற் பிறந்தார். பழைய பாத்திரங்களைப் பழுதுபார்ப்பது அவர் குலத்தொழில். மணம்புரிந்த பின்னர் அவர்க்குப் பாவ உணர்வு பிறந்தது. பெட்போர்டிலிருந்த சிறு சபையாரும், அவர்தம் போதகரான ஜாண் கிப்போர்டும் அவருக்குத் துணைநின்றனர். கிறிஸ்துவின் அன்பை அறிந்து அவர் மகிழ்ந்திருந்த காலத்திலேயே கொடிய சோதனையொன்று நேர்ந்தது. "கிறிஸ்துவை விற்றுவிடு" என்னும் நினைவு ஏறக்குறைய ஓராண்டுக் காலம் உண்ணும்போதும் உழைக்கும்போதும் அவரை விடாது துரத்திற்று. ஆயிரம் உலகங்கள் தரினும் விற்கேன் என்று அவர் மறுத்துக்கொண்டே வந்தார். ஒருநாட் காலையில், போராடிச் சலித்த நிலையில், அவர் விரும்பின் போகட்டும் என்றதோர் எண்ணம் தம் உள்ளத்தூடே சென்றதாக உணர்ந்தார். அவ்வளவே, தாம் என்றென்றைக்கும் கெட்டொழிந்ததாக முடிவுசெய்துகொண்டார்.

அன்று முதல், ஒருவேளைப் போசனத்திற்காகச் சேஷ்டபுத்திர பாகத்தை விற்றுக் கண்ணீரோடு தேடியும் மனம் மாறுதலைக் காணாத ஏசாவைப் பற்றிய வாக்கியம் (எபிரெயர் 12:16, 17) அவர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. தாவீதின் பாவத்தோடும் பேதுருவின் பாவத்தோடும் தம் பாவத்தை ஒப்பிட்டு நிறுத்துப் பார்த்தார். தமதே பெரிதெனக் கண்டார். ஏறக்குறைய ஈராண்டு இவ்வாறு கழிந்தது. பின்னர் ஒருநாள் தம் கிருபையே போதுமென்று ஆண்டவர் பவுலுக்குரைத்த வாக்கும் (2 கொரிந்தியர் 12:9), ஏசாவைப் பற்றிய வாக்கும் தம் உள்ளத்தில் ஒருங்கே எதிர்ப்பட்டன என்றும், ஏசாவின் வாக்கியம் பின்னிட்டு அகலக் கிருபையின் வாக்கே நிலைபெற்றது என்றும் அவர் எழுதுகின்றார்.

வேறொருநாள் வயல்வழியே செல்லுங்கால், தம் நீதி பரலோகத்தில் இருக்கின்றது என்னும் எண்ணம் அவர்க்குத் திடீரெனத் தோன்றிற்று. பிதாவின் வலதுபாரிசத்தில் வீற்றிருக்கும் கிறிஸ்துவே தம் நீதியாயின், தம் மனம் மகிழ்ந்திருக்கையில் அந்நீதி வளர்வதுமில்லை. தம் மனம் சோர்ந்திருக்கையில் அது தேய்வதுமில்லை என உணர்ந்தார். கட்டுகள் கழன்று விழுந்தனபோல் வீடு திரும்பினார். வீட்டிற்கு வந்து அவ்வாக்கியத்தை வேதத்தில் தேடினார். அச்சொற்களாலமைந்த வாக்கியம் எங்குங் காணப்படாமையால் மனந்தளர்ந்தார். அப்பொழுது, கிறிஸ்துவே நமக்கு நீதியானார் என்னும் பொருளமைந்த 1 கொரிந்தியர் 1:30 நினைவிற்கு வரவே தேறினார். உணர்ச்சியை வேதத்தால் அளந்தறிந்த அவர் முறை மாணவர் யாவரும் பின்பற்றத்தக்கது.

இவற்றையெல்லாம் அவர் தம் சரிதையாக எழுதி 1666-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அப்போது அவர் சிறையிலிருந்தார். பிரசங்கிப்பதில்லையென்று வாக்களிப்பின் விடுதலை பெறலாம். இல்லத்தில் பார்வையற்ற மகளொருத்தியும் இருந்தாள். எனினும் அவர் இணங்காது, 1660 முதல் 1672 வரை பெரும்பாலும் சிறையிலேயே கழித்தார். அங்கும் ஒருமுறை அவர்க்கு ஆறுதலெல்லாம் அகன்றது. தூக்குமேடையில் நடுநடுங்கி நின்று கர்த்தரின் நாமத்திற்கு நிந்தை விளைப்பேனோ என்று அஞ்சினார். முடிவில், தமக்கு ஆறுதல் வரினும் வாராதொழியினும், கிறிஸ்துவின் வார்த்தையின்மேல் நிற்றலே தம் கடனெனத் துணிந்தார். விசுவாசம் என்பது இன்னதென இதனினுந் தெளிவாகக் காட்டுதல் அரிது. அது இன்ப உணர்ச்சியன்று. உணர்ச்சி ஒழிந்தவிடத்தும் வாக்களித்தவரை விடாமை.

3. விசுவாசத்தின் இடம்

இனி, "மோட்சப் பிரயாணம்" காட்டும் மூன்று காட்சிகளை நோக்குவோம். முதலாவது, அற்ப விசுவாசி என்பானது. அவன் வழியில் உறங்கினான். கள்வர் அவனை அடித்து வழிச்செலவுக்குரிய பணத்தைப் பறித்தனர். ஆனால் அவனுடைய இரத்தினங்கள் அவர் கையிற் சிக்கவில்லை. வறியனாய்ப் புலம்பிக்கொண்டே சென்றானாயினும் அவன் வழிவிட்டு விலகவில்லை. விசுவாசி தன் அசதியால் இழப்பது வழிச்செலவுப் பணமாகிய ஆறுதலையே; அவனுக்குரிய இரத்தினமோ கிறிஸ்துவின் பாதுகாப்பிலுள்ளது.

இரண்டாவது, மரண ஆற்றின் காட்சி. வழியெல்லாம் வென்றுவந்த கிறிஸ்தியான் கடைசி ஆற்றில் இறங்கியவுடன் அமிழ்ந்து அலறுகின்றான். நம்பிக்கை என்னும் தோழனோ நிலங்கண்டு நின்று, கிறிஸ்தியானின் தலையை நீர்மேல் தாங்குகின்றான். ஒருவன் நடுங்கினான், மற்றவன் நடுங்கவில்லை. ஆயினும் இருவரும் ஒரே கரையில் ஏறினர்.

மூன்றாவது, அறிவீனன் என்பவனது. அவனுக்கு அச்சமே இல்லை. வீண்நம்பிக்கை என்னும் ஓடக்காரன் உதவியால் எளிதாக ஆற்றைக் கடந்து நகரவாயிலை அடைகின்றான். ஆனால் அவன் கையில் சான்றுச்சீட்டு இல்லை, உள்ளே சேர்க்கப்பட்டானல்லன்.

இம்மூன்றையும் ஒருங்குவைத்துப் பார்ப்போர்க்கு மெய் விளங்கும். தன்னைப் பற்றிய துணிவு மிகுதியால் ஒருவன் இரட்சிக்கப்படுவதுமில்லை. நடுக்கத்தால் ஒருவன் கெடுவதுமில்லை. வெள்ளம் பெருகிய ஆற்றின்மேல் உறுதியான கற்பாலமொன்று உளதாயின், கைவீசி நடப்பவனையும், நடுங்கி அடியெடுப்பவனையும் அது ஒப்பவே தாங்கும். நடுங்குவோன் இழப்பது மகிழ்ச்சியை, பாலத்தையன்று. பாலத்தின் உறுதியை அறிய விரும்புவோன் பாலத்தை நோக்கவேண்டுமேயன்றித் தன் கால் நடுக்கத்தை நோக்குதல் பயனில்லை. ஆயினும் பாலத்தின்மேல் காலை வையாதவன் அக்கரை சேரான். விசுவாசத்தின் இடம் இதுவே: அது விலையன்று, பற்றும் கை; தாங்குவதன்று, தாங்கப்படுவது.

4. ஓர் ஆட்சேபம்

"அங்ஙனமாயின் அஞ்சாது பாவஞ் செய்யலாமோ?" எனச் சிலர் வினவுவர். இவ்வினாவைப் பவுலடிகளே எழுப்பி மறுத்துள்ளார் (ரோமர் 6:1, 2). பாவத்தில் இளைப்பாற இடந்தேடுவோனுக்கு இக்கொள்கையில் ஆறுதல் யாதுமில்லை; அவனது நிலை அறிவீனன் நிலையே. கனியற்ற விசுவாசம் உயிரற்றது என்னும் யாக்கோபின் மொழி அவனுக்குரியது.

பின்னர் எச்சரிக்கைகள் எற்றுக்கெனின், அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தைக் காண்க. கடும்புயலில் கப்பல் தத்தளிக்கையில், ஒருவனுக்கும் பிராணச்சேதம் நேராதென்று தேவதூதன் வாயிலாகப் பவுல் உறுதி பெற்றார். பின்னர்க் கப்பலாட்கள் படகிலேறித் தப்பியோட முயன்றபோது, இவர்கள் கப்பலில் இராவிடில் நீங்கள் தப்பமாட்டீர்கள் என்று அவரே நூற்றுக்கு அதிபதியை எச்சரித்தார். போர்ச்சேவகர் உடனே படகின் கயிறுகளை அறுத்தனர். இருநூற்று எழுபத்தாறு பேரும் கரைசேர்ந்தனர். வாக்குத்தத்தம் எச்சரிக்கையைப் பயனற்றதாக்கவில்லை. எச்சரிக்கை வாக்குத்தத்தத்தைப் பொய்யாக்கவுமில்லை. அவ்வாக்கு நிறைவேறிய வழியே அவ்வெச்சரிக்கை. திருமறை நம்மை அச்சுறுத்துவதும் நம்மைக் காக்கும் பொருட்டேயாம்.

மாணவ நண்பர்காள்! கிறிஸ்துவை இழந்துவிட்டோமோ என்று ஏங்குகின்ற உள்ளம் அவரை வெறுத்த உள்ளமன்று. பனியன் ஈராண்டு அழுத கண்ணீரே அவர் ஏசாவைப் போல் கிறிஸ்துவை அற்பமாய் எண்ணவில்லை என்பதற்குச் சான்றன்றோ? ஆதலின் சோர்வுற்ற நாளில் உங்கள் விசுவாசத்தை அளந்துகொண்டிராது, விசுவாசிக்கப்பட்டவரை நோக்குங்கள். விட்ட ஜெபத்தைச் சுவையின்றியேனும் தொடங்குங்கள், வேதத்தைத் திறவுங்கள், திருவிருந்திற்கு அகலாதிருங்கள், செய்த பாவத்தை மறையாது அறிக்கையிடுங்கள். தேறியோரோ, அருகில் அமிழ்ந்துகொண்டிருப்பவனை இகழாது அவன் தலையை நீர்மேல் தாங்குங்கள். நாம் அவரைப் பற்றியிருக்கும் பிடி தளர்வதுண்டு. அவர் நம்மைப் பற்றியிருக்கும் பிடியோ தளர்வதன்று.