கணிப்பொறி கூறும் சான்று

குற்றம் புரிந்தவன் எத்துணை விழிப்புடன் இருப்பினும், தான் சென்ற இடத்தில் ஏதேனும் ஒன்றை விட்டுச் செல்வான். அங்கிருந்து ஏதேனும் ஒன்றைத் தன்னோடு கொண்டும் செல்வான். பிரான்சு நாட்டு லியோன் நகரில் 1910ஆம் ஆண்டில் தடய ஆய்வுக்கூடம் அமைத்த எட்மண்டு லொக்கார்டு என்னும் அறிஞரின் கொள்கை இது. மண்ணும் மயிரும் நூலிழையும் அவர் காலத்துத் தடயங்கள். இன்று அவ்வரிசையில் கணிப்பொறியும் கைப்பேசியும் சேர்ந்துள்ளன.

ஒரு கோப்பை அழித்துவிட்டால் அது அடியோடு ஒழிந்தது என்றே பலரும் எண்ணுவர். உண்மை அஃதன்று. நூலகத்துப் பட்டியலினின்று ஒரு நூலின் அட்டையைக் கிழித்தெறிந்தாலும், நூல் அலமாரியிலேயே இருக்கும் அன்றோ? வட்டில் நிகழ்வதும் அத்தகையதே. கோப்பின் இருப்பிடத்தைக் காட்டும் குறிப்பு மட்டும் நீங்குகிறது; அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும் வரையில் பழைய செய்தி அங்கேயே கிடக்கும். இக்காலத்து எஸ்.எஸ்.டி. வகைச் சேமிப்பகங்களோ அழித்த பகுதியைப் பெரும்பாலும் தாமே விரைவில் துடைத்துவிடும். அங்கு ஆய்வாளர் பாடு அரிதே.

அமெரிக்க நாட்டுக் கான்சாசு மாநிலத்தில் விச்சிட்டா என்னும் நகரம் உள்ளது. அந்நகரிலும் சுற்றுப்புறத்திலும் 1974 முதல் 1991 வரையில் பத்துப் பேரைக் கொன்றவன் நெடுங்காலம் அகப்படவில்லை. 2004இல் அவன் மீண்டும் மடல்கள் விடுக்கத் தொடங்கினான். பிளாப்பி வட்டில் எழுதி அனுப்பினால் தன்னைக் கண்டறிய இயலுமோ என்று காவலரையே வினவினான்! அஞ்சவேண்டா என்னும் பொருள்படக் காவலர் செய்தித்தாளில் விளம்பரம் வெளியிட்டனர். அதனை நம்பி, 2005 பிப்ரவரியில் வட்டு ஒன்றைத் தொலைக்காட்சி நிலையத்திற்கு அனுப்பினான். அவ்வட்டில் அழிக்கப்பட்ட ஒரு கோப்பின் எச்சம் இருந்தது. எழுதும் மென்பொருள் தானே பதிந்து வைத்த தேவாலயப் பெயர் ஒன்றும், இறுதியாகத் திருத்தியவர் ‘டென்னிசு’ என்ற குறிப்பும் அதிற் காணப்பட்டன. அத்தேவாலயக் குழுவின் தலைவன் டென்னிசு ரேடர் என்பவன். ஆயினும் பெயர் ஒன்றையே கொண்டு ஒருவனைக் கொலைஞன் எனல் தகுமோ? ஒரு கணிப்பொறியைப் பலர் பயன்படுத்தக் கூடும். எனவே, உறவினர் ஒருவரின் மரபணுவைப் பழைய தடயங்களோடு ஒப்பிட்டு உறுதிசெய்த பின்னரே, பிப்ரவரி 25இல் அவனைப் பிடித்தனர். அவன் குற்றங்களை ஒப்புக்கொண்டு பத்து ஆயுள் தண்டனை பெற்றான்.

இத்தகைய சான்று எளிதிற் கெடுவது. ஒரு கோப்பைத் திறந்து பார்த்த அளவிலேயே அதன் காலக்குறிப்பு மாறக்கூடும். ஆகவே, தேர்ந்த ஆய்வாளர் மூல வட்டில் கைவையார். எழுதுதலைத் தடுத்து வாசிக்க மட்டும் இடங்கொடுக்கும் கருவியை இடையே பொருத்தி, வட்டு முழுவதையும் படியெடுத்து, அப்படியையே ஆராய்வர். படி மூலத்தோடு ஒத்ததா என்பதனை ‘ஹாஷ்’ என்னும் கணக்கு முறை காட்டும். எஸ்.எச்.ஏ. 256 என்னும் முறை, எத்துணைப் பெரிய வட்டாயினும் அதற்கு 64 குறிகள் கொண்ட தொடர் ஒன்றைத் தரும். ஒரு காற்புள்ளி மாறினும் அத்தொடர் வேறாகிவிடும்.

இயங்கிக்கொண்டிருக்கும் கணிப்பொறியை என் செய்வது? நிறுத்தினால் தற்காலிக நினைவகத்தில் உள்ளவை மறையும். நிறுத்தாவிடின் தொலைவிலிருந்தே ஒருவன் சான்றை அழிக்கவும் கூடும். இதனை நேரில் நிற்பவரே இடமறிந்து முடிவு செய்தல் வேண்டும். கைப்பேசியை மட்டும் அலைகள் புகாத பையில் இடுவர். கணிப்பொறியின் கடிகாரம் பிழையாக ஓடியிருந்தால், குற்றம் நிகழ்ந்தபோது வேறிடத்திருந்தவர்மேல் பழி விழக்கூடும். ஆதலின் சரியான நேரத்தோடு அதற்குள்ள வேறுபாட்டையும் குறித்துக்கொள்வர். பொருள் எவர் கையிலிருந்து எவர் கைக்கு எந்நேரத்தில் மாறியது என்பதும் தவறாது எழுதப்படும். அப்பதிவில் ஒரு நாள் விடுபட்டாலும் எதிர்வழக்கறிஞர் அங்கேதான் வினாத் தொடுப்பார்.

நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தைத் திருத்தி, மின்னணுப் பதிவுகளுக்கு நீதிமன்றத்தில் இடமளித்தது. பழைய சட்டத்திற்கு மாற்றாக 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டத்தின்படி, மின்னணுச் சான்றோடு அளிக்கும் சான்றிதழில் மேற்கூறிய ஹாஷ் தொடரையும் எழுதுதல் வேண்டும்.