மக்காச்சோளம்: பயிர் வந்தது, பக்குவம் வந்ததா?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குக் கார்த்திகை, மார்கழி மாதங்களில் பேருந்தில் சென்றால், சாலையின் இருபுறமும் மக்காச்சோளம் ஆளுயரத்துக்கு நிற்பதைக் காணலாம். கம்பும் சோளமும் பருத்தியும் விளைந்த கரிசல் நிலங்களில் பல இன்று இதற்கு மாறிவிட்டன. புரட்டாசியில் விதைத்து, வடகிழக்குப் பருவமழையை நம்பி வளர்க்கும் மானாவாரிப் பயிர் இது. எங்கள் வகுப்பில் பலருடைய வீட்டில் அக்காளின் கல்யாணமும் தம்பியின் படிப்புச் செலவும் இந்தக் கதிரின் விலையைப் பார்த்தே முடிவாகின்றன.

ஒருநாள் அறிவியல் வகுப்பில் சிஸ்டர் எங்களிடம், "உங்கள் காட்டில் விளைந்த மக்காச்சோளத்தை வீட்டில் சமைத்து உண்டவர்கள் யார்?" என்று கேட்டார். மூவர் மட்டுமே கை தூக்கினோம். மற்றவர்கள் அறிந்ததெல்லாம் பேருந்து நிலையத்தில் சிறு கப்பில் விற்கும் ஸ்வீட் கார்ன்தான். 2024-25ஆம் ஆண்டுக்கு மத்திய அரசு மக்காச்சோளத்திற்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,225 ரூபாய். அதாவது கிலோ 22 ரூபாய் சொச்சம். நாங்களோ ஒரு கைப்பிடி முத்துக்கு 30 ரூபாய் கொடுத்து வாங்கித் தின்கிறோம்! அது வேறு ரகம் என்பது உண்மைதான். ஆயினும் எங்களுக்கு வெட்கமாக இருந்தது. நாம் விளைவிப்பதை நாமே உண்ணாமலிருப்பது ஏன் என்று ஆராயப் புறப்பட்டோம்.

எங்கிருந்து வந்தது?

'மக்கா' என்ற பெயரைப் பார்த்து இது அரபு நாட்டுப் பயிர் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். இத்தாலியர் இதைத் 'துருக்கித் தானியம்' என்கிறார்களாம். இரண்டு பெயர்களும் பிறந்த ஊரைச் சரியாகச் சொல்லவில்லை. இதன் தாயகம் மெக்சிக்கோ. அந்நாட்டின் தெற்கே பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன், தியோசின்டே என்ற காட்டுப்புல்லிலிருந்து மக்கள் இதைப் பக்குவப்படுத்தி எடுத்தார்கள். ஒரு கதிருக்குப் பத்துப் பன்னிரண்டு முத்துக்களே இருந்த அந்தப் புல், உழவர்களின் பொறுமையால் இன்றைய கதிராக மாறியது.

1492இல் கொலம்பஸ் அமெரிக்கக் கரையை அடைந்த பிறகு கதிர் கப்பலேறி ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் போனது. நாம் நாட்டுச் சோளம் என்று சொல்வது வேறு. அது ஆப்பிரிக்காவில் பிறந்து மிகப் பழங்காலத்திலேயே நம் நாட்டுக்கு வந்தது.

கதிரோடு வராத அறிவு

மெக்சிக்கோவின் பெண்கள் முற்றிய மக்காச்சோளத்தை அப்படியே மாவாக்குவதில்லை. சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, மறுநாள் கழுவித் தோல் நீக்கி, கல்லில் அரைத்து ரொட்டி சுடுவார்கள். சுண்ணாம்பு சேர்ப்பதால் தானியத்தில் கட்டுண்டு கிடக்கும் நயாசின் என்ற உயிர்ச்சத்து விடுபட்டு நம் உடலில் சேர்கிறது. சுண்ணாம்புச் சத்தும் கூடுகிறது. ஆய்வுக்கூடம் என்ற ஒன்றே இல்லாத காலத்தில் அடுப்படியில் கண்டறியப்பட்ட அறிவு இது.

கப்பலேறியது கதிர் மட்டுமே; இந்தப் பக்குவம் கூடப் போகவில்லை. விளைவு கொடியது. மக்காச்சோளத்தையே முழு உணவாகக் கொண்ட ஐரோப்பிய ஏழைகளிடம் ஒரு புதுநோய் தோன்றியது. வெயில் படும் இடமெல்லாம் தோல் தடித்து வெடிக்கும், வயிற்றுப்போக்கு வாட்டும், புத்தி பேதலிக்கும், இறுதியில் உயிரும் போகும். 1735இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் காஸ்பர் காசல் இதைக் கண்டு எழுதினார். பின்னர் இதற்குப் பெல்லாக்ரா என்று பெயர் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இது ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. இது தொற்றுநோய் என்றே பலரும் நம்பியிருந்தார்கள். உணவுக் குறைவே காரணம் என்று டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கர் நிறுவினார். அந்தக் குறை நயாசின்தான் என்பது 1937இல் கான்ராட் எல்வெஜெமின் ஆய்வால் தெளிவாயிற்று.

நம் நாட்டிலும் தக்காணப் பகுதியில் நாட்டுச் சோளத்தையே பெரிதும் உண்டு வாழ்ந்த ஏழைகளிடம் பெல்லாக்ரா காணப்பட்டது. ஐதராபாத்தில் டாக்டர் சி. கோபாலன் குழுவினர் இதை ஆராய்ந்தனர். பருப்பும் கீரையும் மோரும் சேர்த்து உண்பவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஒரே தானியம் மட்டும் தட்டில் விழும்போதுதான் ஆபத்து. மெக்சிக்கோ மக்களும் சோள ரொட்டியோடு பயற்றைச் சேர்த்தே உண்கிறார்கள்.

பின்னால் வந்த புழு

பக்குவம் வராமற்போனாலும் பகைவன் வந்து சேர்ந்தான். அமெரிக்காவில் பிறந்த படைப்புழு 2018ஆம் ஆண்டு மே மாதம் கர்நாடகத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, அதே ஆண்டில் தமிழ்நாட்டுக்கும் பரவியது. பயிரின் குருத்துக்குள் புகுந்து தின்பதால் மருந்து எளிதில் எட்டுவதில்லை. எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை அந்த ஆண்டு கதிரே அறுக்கவில்லை. தட்டையை மாட்டுக்கு அறுத்துப் போட்டார். தப்பிப் பிழைத்த தானியத்தில் பெரும்பகுதி கோழித் தீவனமாகவே போய்விடுகிறது.

நாங்கள் செய்து பார்த்தது

மெக்சிக்கோவின் தெருக்களில் இளங்கதிரைச் சுட்டோ வேகவைத்தோ குச்சியில் செருகி விற்பார்கள். அதன் பெயர் எலோதே. அதில் மயோனைஸ் தடவி, உப்புச் சீஸைத் தூவி, மிளகாய்ப்பொடி போட்டு, எலுமிச்சை பிழிந்து தருவார்கள். மெரினா கடற்கரையில் தணலில் சுட்டு, மிளகாயும் உப்பும் எலுமிச்சையும் தேய்த்து விற்கும் கதிருக்கு அது அண்ணன்முறை!

முதல் முயற்சியில் தோற்றோம். முற்றிய கதிரைப் பறித்துச் சுட்டதால் முத்துக்கள் கல்லாகிவிட்டன. பார்த்துக்கொண்டிருந்த தோழியின் அப்பத்தா, "ஏத்தா, கோழிக்குப் போடுறத எதுக்கு இந்தப் பாடு படுத்துறீக?" என்று சிரித்தார்கள். பிறகு அவர்களே காட்டுக்குள் வந்து, பால்பிடித்த கதிரைப் பார்த்து ஒடித்துக் கொடுத்தார்கள். முத்தை நகத்தால் கீறினால் வெள்ளைப் பால் வரவேண்டும், அதுவே பருவம். ஒடித்த பின் நேரம் ஆக ஆகச் சர்க்கரை மாவாக மாறி இனிப்புக் குறையும். ஆகவே அன்றே சுட்டுவிட வேண்டும். புழுவுக்கு அண்மையில் மருந்தடித்த காட்டில் மட்டும் கதிர் ஒடிக்கவே கூடாது.

தேவையானவை: இளங்கதிர் 4, தயிர் 1 கோப்பை, வெண்ணெய் 2 தேக்கரண்டி, வறுத்துப் பொடித்த நிலக்கடலை 4 மேசைக்கரண்டி, முண்டு மிளகாய் வற்றல் 4, எலுமிச்சம்பழம் 2, உப்பு தேவையான அளவு.

செய்முறை:

1. தயிரைத் துணியில் கட்டி 2 மணிநேரம் தொங்கவிட்டு, கெட்டியானதும் வெண்ணெயும் உப்பும் சேர்த்துக் குழைக்கவும். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது. கிருமிப் பயமே அதற்குக் காரணம். எனவே நாங்கள் தயிரையே எடுத்துக்கொண்டோம்.
2. மிளகாயைச் சட்டியில் இலேசாக வறுத்துப் பொடிக்கவும்.
3. கதிரின் வெளித்தோலை உரித்து, உட்தோல் இரண்டு சுற்று இருக்கும்படி விட்டு, 15 நிமிடம் தண்ணீரில் போட்டு வைக்கவும்.
4. தணலில் திருப்பித் திருப்பி 15 நிமிடம் சுடவும். பிறகு தோலைப் பின்னுக்கு மடித்துப் பிடியாக்கிக்கொண்டு, முத்துக்களில் அங்கங்கே கருமை படரும்வரை வாட்டவும்.
5. தயிரைத் தடவி, சீஸுக்குப் பதிலாகக் கடலைப்பொடியைத் தூவி, மிளகாய்ப்பொடி போட்டு, எலுமிச்சை பிழிந்து சூட்டோடு உண்ணவும்.

தின்னும்போதுதான் ஒன்று புலப்பட்டது. சுட்ட கரி சீமைக்கருவேலங்கரி. அந்த மரத்தின் தாயகங்களில் மெக்சிக்கோவும் ஒன்று. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு நம் பெருமைதான். ஆனால் மிளகாய்க் குலமும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. நிலக்கடலை தென்னமெரிக்கப் பயிர். எலுமிச்சை ஒன்றே நம் ஆசியாவிலிருந்து அங்கே போனது. திருச்சுழிப் பக்கத்துக் குடிசை வாசலில் பாதி மெக்சிக்கோ ஏற்கெனவே குடியிருந்தது. நாங்கள் அதை அறியாமலிருந்தோம்!

முற்றிய தானியத்தையும் விடவில்லை. கால் கிலோ முத்துக்கு முக்கால் லிட்டர் தண்ணீர், வெற்றிலைக்குப் போடும் சுத்தமான சுண்ணாம்பு சுமார் இரண்டரை கிராம். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு ஆகாது; அலுமினியப் பாத்திரமும் ஆகாது. முக்கால் மணிநேரம் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, மறுநாள் நாலைந்து தண்ணீரில் கழுவினோம். தோல் கையோடு வந்தது. ஆட்டுக்கல்லில் அரைத்து, தோசைக்கல்லில் சுட்டு, துவரம்பருப்புத் துவையலோடு உண்டோம். சுண்ணாம்பு கண்ணில் தெறிக்காதபடி பெரியவர்கள் துணையோடு செய்வது நல்லது. ரொட்டியைச் சுவைத்த அப்பத்தா, "பதநீருக்குச் சுண்ணாம்பு தடவுவோம். இதுக்கும் தடவலாம்னு எவளோ கண்டுபிடிச்சிருக்கா பாரு!" என்று வியந்தார்கள்.

அந்தச் சொல்லே எங்கள் கட்டுரையின் முடிவுரை. அந்த 'எவளோ' ஒருத்தியின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவள் அறிவைக் கேட்டு வாங்காமல் கதிரை மட்டும் கொண்டுபோனவர்கள் நோயைச் சுமந்தார்கள். எங்கிருந்தோ வரும் எதையும் ஏற்றுக்கொள்ளும் முன், அதை வளர்த்தவர்கள் எப்படி உண்டார்கள், எதனோடு சேர்த்து உண்டார்கள் என்று கேட்போம். அதேபோல் வரகையும் குதிரைவாலியையும் பக்குவமாக ஆக்கத் தெரிந்த அப்பத்தாக்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடமும் இன்றே கேட்டு எழுதி வைப்போம்.

அன்புத் தங்கையரே, வரும் கார்த்திகையில் உங்கள் காட்டிலும் கதிர் பால்பிடிக்கும். மூட்டை கட்டும் முன் வீட்டுக்கென்று நாலு கதிர் ஒடித்து வாருங்கள்!

— பத்தாம் வகுப்பு மாணவி, தோழியருடன்